எர்த் இல்லாத பழைய வீட்டுக்குப் பொருந்தாத ஆம்பிளிஃபயரை விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 9-6-2025

பொருள்: வீட்டின் மின் இணைப்பைப் பார்வையிட்ட பின்னும் பொருந்தாத ஹோம் தியேட்டர் ஆம்பிளிஃபயரைப் பரிந்துரைத்து விற்றது, சரிசெய்ய வந்தவர் பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துச் சென்றது, உத்தரவாதம் மறுக்கப்பட்டது.

ஐயா,

வணக்கம். கடந்த ஏப்ரல் 12 அன்று தங்கள் நிறுவனத்தின் திருச்சிக் கிளையில் ஒரு ஏ.வி. ரிசீவர் (படத்தையும் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் கருவி), அதனுடன் இணைக்கத் தனி பவர் ஆம்பிளிஃபயர் ஒன்று, முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டு, பின்பக்கத்துக்கான வயர்லெஸ் ஸ்பீக்கர்கள் இரண்டு ஆகியவற்றை மொத்தம் ரூ. 2,38,000 செலுத்தி வாங்கினேன். எண்பத்தொரு வயதான என் தந்தைக்குக் காது சற்று மந்தம். தொலைக்காட்சியில் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், அவர் சேர்த்து வைத்திருக்கும் நாகசுரக் கச்சேரி ஒலிப்பதிவுகளை மாலையில் நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு தேவை இல்லை. இதை முதல் நாளே கிளையில் சொன்னேன்.

எங்கள் வீடு என் பாட்டனார் கட்டியது. ஒன்றரை அடிக் கனமுள்ள சுவர்கள், சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், நடுவில் முற்றம் என்று அந்தக் காலத்து அமைப்பு இன்றுவரை மாறாமல் இருக்கிறது. சுவரை வெட்டி பைப் பதித்தால் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும் என்பதால், பிற்காலத்தில் வந்த மின்சாரமும் மரப்பட்டைகளின் (நீளமான மரச் சட்டங்களின்) மேல் கிளிப் அடித்த வயர்களாகவே ஓடுகிறது. கூடத்தின் விளக்குகள், இரண்டு மின்விசிறிகள், தொலைக்காட்சிக்கான இரண்டு பின் பிளக் எல்லாம் ஒரே கிட்காட் ஃபியூஸிலிருந்து (கம்பி மாற்றும் பழைய பீங்கான் ஃபியூஸ்) வருகின்றன. 15 ஆம்பியர் பிளக் வீடு முழுவதற்கும் ஒன்றுதான். அதுவும் தொலைக்காட்சி இருக்கும் சுவருக்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கிறது. எர்த், அதாவது கசியும் மின்சாரம் மண்ணில் இறங்குவதற்கான இணைப்பு, கிடையாது.

இவற்றில் எதையும் நான் மறைக்கவில்லை. வாங்குவதற்கு நான்கு நாள் முன்பு தங்கள் பிரதிநிதி வீட்டுக்கு வந்து, கூடத்தின் நீள அகலத்தை அளந்து, மெயின் போர்டைத் திறந்து பார்த்து, தங்கள் நிறுவனத்தின் படிவத்தில் தம் கைப்படக் குறித்துக்கொண்டார். 'எர்த்: இல்லை, 15 ஆம்பியர் பிளக்: ஒன்று, சுவர் உடைக்க அனுமதி இல்லை' என்று எழுதப்பட்ட அந்தப் படிவத்தின் நகலில் அவருடைய கையொப்பமும் என்னுடைய கையொப்பமும் உள்ளன. நகலை இத்துடன் இணைத்துள்ளேன். என் புகார் முழுவதும் இந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கிறது.

படிவத்தைப் பார்த்த பிறகு கிளையில் எனக்குக் கிடைத்த ஆலோசனை, உயரமான கூடம் என்பதால் ரிசீவர் மட்டும் போதாது, பெரிய பவர் ஆம்பிளிஃபயரும் வேண்டும் என்பதே. ரிசீவரின் பெட்டியில் ஏழு சேனலுக்கும் (ஸ்பீக்கர் வழிக்கும்) தலா 150 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்திலோ, அந்த அளவு 6 ஓம் பளுவில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில், 10 சதவீதச் சிதைவுடன், ஒரே ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது எடுக்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. கருவியின் பின்புறத் தகட்டில் அது எடுத்துக்கொள்ளும் மின்சக்தி 480 வாட் என்று குறித்திருக்கிறது. 480 வாட் வாங்கும் கருவி 1,050 வாட் தொடர்ந்து தராது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரும் சொல்வார். விலைக்கேற்ற சக்தி என்று நம்பி வாங்குகிறவருக்கு இந்தச் சிறிய எழுத்தை எடுத்துக்காட்டுவது விற்பவரின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

உண்மையில் எங்களுக்கு எவ்வளவு சக்தி தேவை? தங்களிடம் வாங்கிய முன்பக்க ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தருபவை. என் தந்தையின் நாற்காலி 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே அது ஏறக்குறைய 78 டெசிபலாகக் குறையும். அவருக்கு இதமான அளவு 70 டெசிபல் என்றும், தவில் உச்சத்துக்குப் போகும் கணங்களில் 90 டெசிபல் என்றும் வைத்துக்கொண்டாலும் ஒரு ஸ்பீக்கருக்குப் பதினைந்து பதினாறு வாட் போதும். தாராளமாக 50 வாட் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று வந்தவரிடம் வாட் கணக்கைப் பெருக்கிக் காட்டியது எந்த வகையிலும் உதவவில்லை.

பவர் ஆம்பிளிஃபயரைப் பொருத்திய ஏப்ரல் 19 அன்றே முதல் தொல்லை தொடங்கியது. அதனுள் இருக்கும் பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை ஒரே இழுப்பாக இழுக்கும். புதிய வீடுகளில் அதற்கேற்ற எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக வைக்கும் தானியங்கி சுவிட்ச்) அதைத் தாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் முதல் வாரத்திலேயே நான்கு முறை ஃபியூஸ் போனது. தங்கள் சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, ஃபியூஸ் கம்பியைத் தடிமனாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். பழைய வயர் சூடாகித் தீப்பிடிப்பதற்கு முன் தான் உருகி வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே அந்தக் கம்பி மெல்லியதாக இருக்கிறது. மேலே தேக்கு உத்திரமும் கீழே மரப்பட்டையுமாக இருக்கும் வீட்டில் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

ஒரே 15 ஆம்பியர் பிளக் எதிர்க் கோடியில் இருந்ததால் கருவிகள் இரண்டையும் அங்கேயே வைத்து, ஸ்பீக்கர்களுக்கு 16 மீட்டர் நீளத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தார்கள். போக வர 32 மீட்டர். அதன் மின்தடை 1 ஓமுக்குச் சற்று மேல். ஸ்பீக்கரோ 4 ஓம். ஆகவே ஆம்பிளிஃபயர் தரும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பீக்கரைச் சேராமல் வயரிலேயே வெப்பமாகப் போகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் இழப்பு இதில் கால் பங்குதான். அதே தொலைவுக்கு இழுத்த எச்.டி.எம்.ஐ. கேபிளால் படம் இடையிடையே கறுத்துப் போகிறது. வயரே வேண்டாம் என்று சொல்லி விற்ற வயர்லெஸ் ஸ்பீக்கர்களுக்கு ஒலி மட்டும்தான் காற்றில் வருகிறது. மின்சாரத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக் வேண்டும். பின்சுவரில் பிளக் இல்லாததால், சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை முற்றத்து நடையின் குறுக்கே போட்டுவிட்டுப் போனார்கள். கைத்தடியோடு நடக்கும் முதியவர் இருக்கும் வீடு என்பதைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

இனி எழுதப்போவதைத் தாங்கள் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டுகிறேன்.

முதல் நாளிலிருந்தே ஸ்பீக்கர்களில் இடைவிடாத ரீங்காரம் இருந்தது. எர்த் இல்லாத கருவிகளின் கசிவு மின்னோட்டம், எச்.டி.எம்.ஐ. கேபிளின் உறை வழியாகத் தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து கேபிள் டி.வி. வயரின் உறை வழியாக வெளியேயும் போக வழி தேடியதே காரணம். கேபிள் டி.வி. வயரைக் கழற்றினால் ரீங்காரம் நின்றது. ஆனால் அந்த நிலையில் பவர் ஆம்பிளிஃபயரின் மேல்தகட்டைத் தொட்டால் கை விறுவிறுத்தது. தொட்டுப் பார்த்து முதலில் சொன்னவர் என் தந்தை. மல்ட்டிமீட்டரில் தகட்டுக்கும் முற்றத்து மண்ணில் அடித்த இரும்புக் கம்பிக்கும் இடையே 110 வோல்ட் காட்டியது. மூன்று பின் கருவியின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கண்டென்சர்கள் கசியும் சிறு மின்னோட்டம் இறங்க எர்த் இல்லையென்றால், தகடு பாதி மின்னழுத்தத்தில் நிற்கும். எர்த் இல்லாத வீட்டில் இப்படித்தான் நடக்கும் என்பது படிவத்தைப் பார்த்த அன்றே தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புகார் செய்ததும் மே 6 அன்று தங்கள் தொழில்நுட்பர் வந்தார். அரை மணி நேரம் வேலை செய்தார். விறுவிறுப்பு நின்றது, ரீங்காரமும் பெருமளவு குறைந்தது. சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நானும் நம்பினேன். ஒன்பது நாள் கழித்து வேறு வேலையாக வந்த எங்கள் தெரு வயர்மேன், அந்தப் பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு சாண் வயரால் இணைத்திருந்தது.

இது ஏன் என்னை உறங்கவிடவில்லை என்பதை விளக்குகிறேன். எங்கள் மெயின் போர்டில் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) இரண்டிலும் ஃபியூஸ் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அப்படித்தான். ஃபேஸ் ஃபியூஸ் இருக்க நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போய்விட்டால், எரியாமல் சுவிட்ச் போட்டிருக்கும் ஒரு விளக்கின் வழியாகவே நியூட்ரல் வயர் முழுவதும் 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அந்தச் சாண் வயரின் வழியாக ஆம்பிளிஃபயரின் தகடும் ஏறும். கருவி ஓடவில்லையே என்று பார்க்க என் தந்தை கையை வைப்பது அதன் மேல்தான். முதல் வாரத்திலேயே நான்கு முறை ஃபியூஸ் போன வீட்டில், பொருத்தியவர்கள் தங்கள் ஆட்களே என்ற நிலையில், தங்கள் தொழில்நுட்பர் இதைச் செய்தார். ஒன்பது நாளும் என் தந்தை அந்தக் கருவியைத் தொட்டுத்தான் பாட்டுக் கேட்டார். அந்த வயரை எடுத்து வைத்திருக்கிறேன். புகைப்படம் இணைப்பில் உள்ளது.

இதைத் தெரிவித்து, கருவிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மே 17 அன்று எழுதிய கடிதத்துக்கு மே 28 அன்று கிடைத்த பதில் நான்கு வரி. வீட்டில் முறையான எர்த் வசதி இல்லாததால் உத்தரவாதம் பொருந்தாது என்பது அதன் சாரம். எர்த் இல்லை என்பது தங்களுக்கு மே மாதம் கிடைத்த செய்தியன்று. ஏப்ரல் 8 அன்று தங்கள் பிரதிநிதி எழுதிய செய்தி. அது கருவி வேலை செய்யத் தடை என்றால், பணம் வாங்குவதற்கு முன்பு சொல்லியிருக்க வேண்டும். முதலில் எர்த் போடுங்கள், மெயினிலிருந்து தனியாக ஒரு லைன் இழுங்கள், பிறகு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காத்திருப்பேன். கொல்லைப்புறத்தில் இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயைக் கரியும் உப்பும் இட்டுப் புதைத்து, உத்திரத்தின் ஓரமாகவே 2.5 சதுர மில்லிமீட்டர் லைனை இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைக்க எங்கள் வயர்மேனுக்கு இரண்டு நாள்தான் ஆனது. சுவரில் ஓர் ஆணி அளவுக்கு மேல் பூச்சு உதிரவில்லை. அந்தச் செலவை நான் தங்களிடம் கேட்கவில்லை. அது என் வீட்டுக்கு எப்போதோ செய்திருக்க வேண்டியது.

தற்போது தங்கள் கருவிகள் பெட்டியில் இருக்கின்றன. என் தங்கை மகன் தந்த, உள்ளங்கை அகலமே உள்ள 50 வாட் இரண்டு சேனல் டி வகை ஆம்பிளிஃபயர் ஒன்று தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடாப்டரில் ஓடுவதால் இரண்டு பின் பிளக் போதும்; சூடேறுவதில்லை; ஃபியூஸ் போவதில்லை. தங்களிடம் வாங்கிய முன்பக்க ஸ்பீக்கர்களை மூன்று மீட்டர் வயரில் அதோடு இணைத்தேன். என் தந்தை இரண்டுக்கும் நடுவில் அமர்வதால் பேச்சு நேர் எதிரே கேட்கிறது. ஒரு சொல்லும் தவறவில்லை என்கிறார். ஸ்பீக்கர்கள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குக் குறையில்லை.

ஆகவே, ரிசீவர், பவர் ஆம்பிளிஃபயர், வயர்லெஸ் ஸ்பீக்கர்கள் ஆகியவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் அவற்றுக்கான ரூ. 1,76,000 முழுவதையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிளக்கில் செய்யப்பட்ட இணைப்பு தங்கள் தொழில்நுட்பர் செய்தது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடவடிக்கை ஆகிய காரணங்களுக்காகத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

பணத்தைவிட அவசரமான ஒன்றும் உண்டு. அன்று வந்த தொழில்நுட்பர், அந்த வேலையை யோசித்துத் தயங்கிச் செய்தவராகத் தெரியவில்லை. பழகிய கையோடு செய்தார். அப்படியானால் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கங்களில் அவர் கருவி பொருத்திய பழைய வீடுகள் பலவற்றில் இதே சாண் வயர் இப்போதும் இருக்கக்கூடும். அந்த வீடுகளின் பட்டியல் தங்களிடம்தான் இருக்கிறது. என் கோரிக்கைக்குப் பதில் எழுதுவதற்கு முன்பாக, இந்த வாரமே தகுதியுள்ள ஒருவரை அனுப்பி அந்தப் பிளக்குகள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்.

இணைப்பு: வீட்டைப் பார்வையிட்ட படிவத்தின் நகல், பில் நகல், பிளக்கின் புகைப்படங்கள், மே 28 தேதியிட்ட தங்கள் பதிலின் நகல்.