கரைச்சாலையில் ஓர் இரவு தங்க இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டா சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை கோயில்களோடும் ஓட்டல்களோடும் முடிந்துவிட்டது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் ஆற்றங்கரைச் சாலைகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

மாசி பிறந்ததும் நானும் என் மனைவியும் காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லர் ஒன்றை மாட்டிக்கொண்டு ஆறு நாள் படம் எடுக்கக் கிளம்பினோம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. திருவையாற்றில் குடமுருட்டி ஆற்றின் கரையைப் பிடித்தோம். அப்புறம் வடுவூர், ஒரத்தநாடு, முத்துப்பேட்டை.

லாட்ஜில் தங்கினால் ஆகாதா என்று பலர் கேட்டார்கள். ஆகாது. வடுவூர் ஏரியில் பனி விலகி அரிவாள் மூக்கன் பறவைகள் கிளம்பும் வெளிச்சம் அரை மணி நேரம்தான். எட்டு மணிக்குப் போனால் வெறும் வெயிலைத்தான் படம் பிடிக்கலாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த ஏரி அது. விடியும்போது அதன் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் டிரெய்லரே வாங்கினேன்.

கரைச்சாலையில் எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் நாம்தான் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கம் வாய்க்கால், டிரெய்லரோ ஸ்டியரிங் திருப்பும் பக்கத்துக்கு நேர்மாறாகப் போகும். அங்கிருந்த டிராக்டர் ஓட்டுநர், "ஸ்டியரிங்கக் கீழ்ப்பக்கமா புடிங்க சார், கை போற பக்கம் வண்டி போகும்" என்றார். அன்றிலிருந்து தடுமாற்றம் இல்லை. இன்னொன்று, சாலையில் நெல் காய்ந்தால் இறங்கிக் கேளுங்கள். ஒதுக்கித் தருவார்கள். தயவுசெய்து மேலே ஏற்றாதீர்கள், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

எங்களை வருத்தியது இரவுதான். ஓர் ஊரில் குளத்தங்கரையில் நிறுத்தியிருந்தோம். பத்து மணிக்குச் சிலர் வந்து கிளம்பச் சொன்னார்கள். தடுப்புச்சுவர் இல்லாத கரையில் இருட்டில் இழுத்துக்கொண்டு போனோம். என் மனைவி டார்ச் அடித்தபடி முன்னால் நடந்தாள். கடைசியில் இடம் கொடுத்தவர்கள் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து, இரவில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர்கள். வயலுக்கு எரு சேரும் என்பதால் அவர்களுக்கு விவசாயிகளே இடம் தருகிறார்கள். விடியலில் அந்தக் கிடையை எடுத்த படங்கள்தான் இந்தப் பயணத்திலேயே சிறந்தவை.

மறுநாள் ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரத்தின் முன் வெகுநேரம் நின்றேன். குதிரையும் யானையும் தேரை இழுப்பது போன்ற அந்தக் கட்டடத்தைச் சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரத்துக்குப் போகும் வழிப்போக்கர்களுக்காகச் சரபோஜி மன்னர் கட்டினார். வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் கொடுத்த ஊர்கள் இவை.

அந்தச் சத்திரத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. ஆற்றோரம் சும்மா கிடக்கும் ஒரு திடலை ஊராட்சி ஒதுக்கட்டும். குடிநீர்க் குழாய் ஒன்று, கழிப்பறை ஒன்று, இரவுக்கு ஒரு விளக்கு. கட்டணம் வாங்கட்டும், குப்பை போட்டால் அபராதமும் போடட்டும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து கல்லணை வழியாகத் தண்ணீர் இறங்கும்போது மறுபடியும் போவதாக இருக்கிறோம். அதற்குள் ஓர் ஊராவது முன்வந்தால் முதல் கட்டணம் எங்களுடையது.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்