நெ.து.சு. பிறந்த நாளுக்கு உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். அக்டோபர் 12 நெ.து. சுந்தரவடிவேலு ஐயாவின் பிறந்த நாள். 1912இல் காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்தில் பிறந்து, பள்ளித் துணை ஆய்வாளராக ஊர் ஊராகப் போய் வேலை பார்த்து, காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக உயர்ந்தவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்ததை எல்லோரும் பேசுகிறோம், அதைப் பள்ளி பள்ளியாக நடத்திக் காட்டிய அதிகாரியை மறந்துவிடுகிறோம், எனக்கு அதுதான் வருத்தம்.

அப்புறம் அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்! அரசுப் பணத்துக்காகக் காத்திராமல் ஊர்க்காரர்களையே கூப்பிட்டு, உங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று கேட்டார்கள். ஒருவர் இடம் தந்தார், ஒருவர் கட்டடம் கட்டித் தந்தார், வசதி இல்லாதவர்கூட ஒரு நாற்காலியோ கரும்பலகையோ சுவர்க்கடிகாரமோ கொண்டுவந்து கொடுத்தார். இன்றும் சில பழைய பள்ளிகளில் பெஞ்சின் முதுகில் கொடுத்தவர் பெயர் பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

1961இல் பத்மஸ்ரீ, 1969 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சரி, அதெல்லாம் தெரிந்ததுதான்.

எனக்கு வேண்டியது இதுதான்: உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த மாநாட்டுக் காலத்துக் கல்வெட்டு, பெயர் எழுதிய பெஞ்சு, பழைய படம் எது இருந்தாலும் போட்டோ எடுத்து, ஊர்ப் பெயரோடு அக்டோபர் 10க்குள் இங்கேயே போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு ஒரு ஆடியோவாவது அனுப்புங்கள். மற்ற பார்வர்டுகளை அதுவரை கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.