மடக்கினால் வேகம் பாதி: மடக்கு லேப்டாப் குறித்த புகார்

அனுப்புநர்:
தனியார் நில அளவையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
லேப்டாப் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: மடக்கு லேப்டாப்பை டேப்லெட்டாகப் பயன்படுத்தும்போது ப்ராசஸரின் மின்திறன் குறைக்கப்படுவது, அதை வாங்குபவருக்குச் சொல்லாமல் மறைத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். திரையை முழுக்கப் பின்னால் மடக்கி டேப்லெட்டாகவும் பயன்படுத்தக்கூடிய உங்கள் நிறுவனத்தின் 14 அங்குல மடக்கு லேப்டாப்பை வாங்கி, அதை வைத்துத்தான் தொழில் செய்துவருகிறேன். சென்ற மழைக்காலத்தில் நீங்கள் அனுப்பிய பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் உள்மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு அது களத்தில் உதவாத பொருளாகிவிட்டது. கோவையில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். ‘கோளாறு இல்லை, குறிப்பிட்ட அளவுக்குள் இயங்குகிறது’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோளாறு இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதையும் அளந்து வைத்திருக்கிறேன்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் புகார் புரியும். கோத்தகிரி, குன்னூர் வட்டங்களில் சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்களை அளந்து கொடுக்கிறேன். பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு, தடுப்புச்சுவர் கட்டும் முன் சரிவு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது, இவைதான் பெரும்பாலும். பல தோட்டங்களுக்கு ஜீப் போகாது. கொழுந்து பறிக்கிறவர்கள் நடக்கிற ஒற்றையடித் தடத்தில்தான் இறங்க வேண்டும். மழை நாளில் அதுவும் வழுக்கும். தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியின் பெட்டி என் முதுகில், முக்காலி உதவியாளர் தம்பியின் தோளில். இதற்கு மேல் எதை எடுத்துப்போனாலும் எடை பார்த்துத்தான் எடுத்துப்போக முடியும்.

வாங்கும்போது எடையையும் வேகத்தையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே விலைக்கு, ஐ7-13700எச் ப்ராசஸரும் தனி கிராபிக்ஸ் கார்டும் உள்ள 15.6 அங்குல லேப்டாப் கிடைத்தது. அந்த ப்ராசஸரின் அடிப்படை மின்திறன், அதாவது தொடர்ந்து வேலை செய்யும்போது எடுக்கும் மின்சாரம், 45 வாட். பொதுவாக இது கூடினால் வேகமும் கூடும். ட்ரோன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கும் வேலையில் உங்கள் லேப்டாப் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் அது 2.3 கிலோ. சார்ஜரோ தனியாக ஒரு செங்கல் கனம். அதைச் சரிவில் நின்றபடி முன்கையில் ஏந்தி, பேனாவால் கோடு போடவும் முடியாது. உங்களுடையது 1.4 கிலோ. படம் ஒட்டும் வேலையை இரவில் வீட்டில் சார்ஜரில் போட்டு ஓடவிட்டுக்கொள்ளலாம், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்துத்தான் உங்களுடையதை வாங்கினேன். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் சொல்கிறேன். களத்தில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒட்டி முடித்த படத்தைத் திறந்து, பெரிதாக்கிப் பார்த்து, கோடு போட்டால் பேனா முனையிலேயே கோடு வர வேண்டும். அப்டேட்டுக்கு முன்பு அப்படித்தான் வந்தது.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவருக்கு ஒரு தோட்டத்தைப் பிரித்துக் கொடுக்கப் போயிருந்தேன். அரசுத் தளத்திலிருந்து எடுத்த புலப்படத்தை (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் வரைபடம்) ட்ரோன் படத்தின் மேல் பொருத்தி வைத்திருந்தேன். நடுவில் ஒரு சிறு ஓடை. அதன் எந்தக் கரையில் கோடு போகிறது என்பதுதான் அவர்களுக்கிடையே பல வருடப் பேச்சு. லேப்டாப்பை மடக்கி, கையில் ஏந்தி, இருவருக்கும் நடுவில் நின்று படத்தைப் பெரிதாக்கினேன். திரை அப்படியே நின்றது. கலங்கலான படத்தின் மேல் கோடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரிந்தது. சில நொடிகள் கழித்துத் தெளிவான படம் துண்டுதுண்டாக வந்து விழுந்தது. கோடு ஓடைக்கு இந்தப் பக்கம். “சார், இப்பதான் ஓடை எங்க பக்கம் இருந்துச்சு. அதுக்குள்ள அண்ணன் பக்கம் போயிடுச்சே?” என்றார் தம்பி. கோடு மாறவில்லை, படம் வரத்தான் தாமதமாகிறது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அதற்குப் பிறகு நான் காட்டிய எதையும் அவர் நம்பவில்லை. டேப் பிடித்து, கல்லுக்குக் கல் மறுபடி அளந்து காட்டிய பிறகுதான் மகஜரில் கையெழுத்துப் போட்டார்.

என் தொழிலில் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, சரியாக இருப்பது கண்ணுக்கும் தெரிய வேண்டும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து பார்க்கிற திரை தடுமாறினால் சந்தேகம் லேப்டாப் மேல் போகாது, அளக்கிறவன் மேல்தான் வரும். உங்கள் அலுவலகத்தில் இது வெறும் ‘வேகக் குறைவு’ என்று ஒரு வரியில் பதிவாகும் என்று தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி அளவுகள். இந்த லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ7-1355யூ. அதன் அடிப்படை மின்திறன் 15 வாட், உச்சம் 55 வாட், குறைந்தபட்ச உறுதி மின்திறன் 12 வாட் என்று ப்ராசஸரைத் தயாரித்தவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். இந்த எல்லைக்குள் எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். ஒரே ப்ராசஸர் உள்ள இரண்டு லேப்டாப்புகள் ஒன்றுக்கொன்று வேகத்தில் வேறுபடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். ப்ராசஸர் எத்தனை வாட் எடுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று காட்டும் இலவச மென்பொருளை வைத்துப் பார்த்தேன். சார்ஜரில் செருகி, மேசையில் லேப்டாப்பாக வைத்தால் தொடக்கத்தில் 40 வாட் வரை எடுத்து, பிறகு 20 வாட்டில் நிலைக்கிறது. பேட்டரியில் 15. இதில் எனக்குக் குறையே இல்லை, 1.4 கிலோவுக்குள் இது நல்ல வேலை. கீலைத் திருப்பி டேப்லெட்டாக மடக்கினால் அப்டேட்டுக்கு முன்பு 12 வாட்டில் நின்றது. இப்போது 7 வாட். இந்த லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. திரையில் படம் வரைகிற பகுதியும் அதே ப்ராசஸருக்குள் இருந்து அதே 7 வாட்டில்தான் பங்கு கேட்கிறது. ஒரு ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் ட்ரோன் படம் ஒரு ஜிபியைத் தாண்டும். அதன் மேல் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சமஉயரக் கோடுகள். 7 வாட்டில் இதைத் திறந்து நகர்த்தச் சொன்னால் திரை நிற்காமல் என்ன செய்யும்?

சூடு அதிகமானால் வேகத்தைக் குறைப்பது நியாயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். லேப்டாப்பின் அடிப்பகுதியில் காற்று உள்ளே போகிற துளைகள் இருக்கின்றன. மடக்கும்போது அந்த அடிப்பகுதி பின்பக்கமாகி என் முன்கையில் படுகிறது. இங்கே ஸ்வெட்டர் போடாமல் யாரும் வெளியே வருவதில்லை, கம்பளி அந்தத் துளைகளை மூடிக்கொள்கிறது. கையில் பிடிக்கிற பொருள் கையைச் சுடக்கூடாது என்று நீங்கள் நினைப்பதும் சரி. ஆனால் உங்கள் அப்டேட் சூட்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கவில்லை. காலை 12 டிகிரிக் குளிரில், அப்போதுதான் ஆன் செய்த லேப்டாப்பை மடக்கிப் பார்த்தேன். ப்ராசஸர் 50 டிகிரியைத் தொடும் முன்பே 7 வாட்டுக்கு இறங்கியது. கூடாரம்போல மேசையில் நிறுத்தி, துளைகள் முழுக்கத் திறந்திருக்க, யாரும் தொடாமலும் பார்த்தேன். அப்போதும் 7 வாட். விண்டோஸில் அதிகபட்ச வேகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மாற்றமில்லை. திரும்ப லேப்டாப்பாக விரித்த மறுநொடி 15 வாட் வருகிறது. அதாவது சூட்டோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. கீல் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வேகத்தைப் பூட்டியிருக்கிறீர்கள். மேட்டுப்பாளையம் வரை இறங்க வேண்டிய ஜீப்பைக் கோத்தகிரியிலேயே முதல் கியரில் பூட்டி அனுப்பியதுபோல இருக்கிறது.

அப்டேட்டோடு வந்த குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘சிஸ்டத்தின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. பழைய பயாஸுக்குத் திரும்பவும் வழியில்லாமல் அடைத்துவிட்டீர்கள். விற்று முடித்த பொருளின் திறனை, வாங்கியவரைக் கேட்காமல், அவரிடம் சொல்லாமல், திரும்பப் பெற முடியாதபடி குறைத்திருக்கிறீர்கள். என் கோபம் முழுவதும் இந்த ஒரு செயல் மீதுதான்.

சர்வீஸ் சென்டரில் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். அங்கே ஏசி அறையில், சார்ஜர் செருகி, மேசையில் விரித்து வைத்து உங்கள் சோதனை மென்பொருளை ஓட்டினார்கள். எல்லாம் பச்சை. மடக்கி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள் என்றேன். அப்படிச் சோதிக்க எங்களிடம் முறை இல்லை என்றார் அந்தப் பொறியாளர். மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மடக்கிப் பயன்படுத்தத்தான் ஒருவர் மடக்கு லேப்டாப் வாங்குகிறார். அதை மடக்கிச் சோதிக்கும் முறையைச் சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்காதது தலைமை அலுவலகத்தின் பொறுப்பு.

பிறகு உங்கள் தொலைபேசி உதவியாளர் ஒருவர், மலைப்பகுதியில் காற்று குறைவு, அதனால் ஃபேன் சரியாகக் குளிர்விக்காது என்று காரணம் சொன்னார். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொஞ்சம் குறைவாகத்தான் சூட்டை வெளியேற்றும் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் கையேட்டிலேயே 3,048 மீட்டர் உயரம் வரை இயங்கும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் மாவட்டத்தின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மேலும், கோவையில் அதே சர்வீஸ் சென்டரின் வாசலில் மடக்கிப் பார்த்தபோதும் 7 வாட்தான் வந்தது. மலையைக் காரணம் சொல்லாதீர்கள்.

உங்கள் விளம்பரப் பக்கத்தில் இந்த லேப்டாப்பின் எடை கிராம் கணக்கில் இருக்கிறது. தடிமன் மில்லிமீட்டரில், புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கத்தோடு இருக்கிறது. வேகத்துக்கு மட்டும் 5.0 கிகாஹெர்ட்ஸ் என்ற உச்ச எண்ணைப் போட்டிருக்கிறீர்கள். அது ப்ராசஸருக்குள் கணக்கிடும் பல பகுதிகளில் (கோர்) ஒன்று மட்டும் சில நொடிகளுக்குத் தொடுகிற எண். தொடர்ந்து வேலை செய்யும்போது எத்தனை வாட் கிடைக்கும், பேட்டரியில் எத்தனை, மடக்கினால் எத்தனை என்பது எங்கேயும் இல்லை. எடை குறைந்தால் வேகம் குறையும் என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுகிறோம் என்று தெரிந்தால் நாங்களே எங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வோம். படம் வரைகிற மாணவருக்கு 7 வாட் தாராளமாகப் போதும். குறிப்பெடுக்கிற மருத்துவருக்கும் போதும். எனக்குப் போதாது. எங்கள் மூவருக்கும் ஒரே விளம்பரத்தைக் காட்டி, ஒரே விலையை வாங்கியிருக்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். டேப்லெட் நிலைக்கான மின்திறன் வரம்பைப் பழையபடி 12 வாட்டுக்கு உயர்த்தி, உண்மையான சூட்டைப் பார்த்துக் குறைக்கிற பயாஸைக் கொடுங்கள். அது முடியாது என்றால் பழைய பயாஸுக்குத் திரும்ப அனுமதியுங்கள். அதனால் வருகிற கூடுதல் சூட்டுக்கு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இரண்டும் முடியாது என்றால் லேப்டாப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் கொடுங்கள். இதில் எதைச் செய்தாலும், மடக்கிய நிலையில் தொடர்ந்து கிடைக்கும் வாட் அளவை உங்கள் தளத்தில் எடைக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். அடுத்து வாங்குகிறவருக்காக இதைக் கேட்கிறேன்.

30 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. தொழிலுக்காக வாங்கியதால் நான் நுகர்வோர் இல்லை என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. பொருளின் தரம், திறன் பற்றித் தெரிந்துகொள்வதும் அந்தச் சட்டம் எனக்குக் கொடுத்திருக்கும் உரிமை.

பில்லின் நகல், சர்வீஸ் சென்டர் கொடுத்த சீட்டு, ஒவ்வொரு நிலையிலும் எடுத்த வாட் மற்றும் வெப்பப் பதிவுகள், மடக்குவதும் விரிப்பதும் வெட்டாமல் தெரிகிற வீடியோ ஆகியவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் பொறியியல் பிரிவிலிருந்து யாராவது நேரில் பார்க்க விரும்பினால் கோத்தகிரிக்கு வரட்டும். தோட்டத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தனியார் நில அளவையாளர்,
கோத்தகிரி.