முள் எப்போது ஏறுகிறது?

அன்பு மகள் கயலுக்கு,

மாருதி 800-இல் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள் என்றாய். அவசரப்படாதே பாப்பா. முள் எப்போது ஏறுகிறது என்று முதலில் பார். வேதாரண்யத்திலிருந்து கும்பகோணம் வருகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போதா, இல்லை திருத்துறைப்பூண்டி தாண்டி எழுபதில் வரும்போதா? எதை மாற்றுவது என்பது பாதிக்கு மேல் இதிலேயே முடிவாகிவிடும்.

நிற்கும்போது ஏறி, வண்டி ஓடியதும் இறங்கினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். அப்போது ஃபேனைப் பார். சாவியை ஆன் செய்துவிட்டு, தெர்மோ சுவிட்சின் (தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்) இரண்டு ஒயரையும் கழற்றி ஒரு துண்டு ஒயரால் இணை. கை, துப்பட்டா எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது, சட்டென்று சுற்றும். சுற்றினால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் போதும்.

ஓடும்போது, அதுவும் ஏசி போட்டு வேகமாகப் போகும்போது ஏறினால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. நம் பக்கத்தில் அடைப்பு இரண்டு விதம்.

வெளி அடைப்பு அறுவடைக் காலத்தில் வரும். ரோட்டில் காயப்போட்ட நெல், வைக்கோல் மேலேயே எல்லா வண்டியும் போகிறது. பதரும் தூசியும் பறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய் உட்காரும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும்.

உள் அடைப்புக்குக் காரணம் உங்கள் ஊர் போர்த் தண்ணீர். கடலோர உப்பு இரும்பைத் துரு ஆக்கும், எஞ்சின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டை அரிக்கும், வாட்டர் பம்ப் இறக்கையைத் தின்னும், கடைசியில் படிவமாக ரேடியேட்டர் குழாயில் தங்கும். நமக்குப் பனி உறைவது கிடையாது, அதனால் கூலண்ட் எதற்கு என்பார்கள். கூலண்டில் நமக்குத் தேவை துருத் தடுப்பு மருந்துதான். பாதிக் கூலண்ட், பாதி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். முன்பே கலந்து வருகிற ரெடிமிக்ஸ் என்றால் அதில் தண்ணீர் சேர்க்காதே.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றித் தூக்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். சம்மதிக்காதே. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், உண்மையான கோளாறும் மறைந்து கிடக்கும். சோதிப்பது எளிது. முள் ஏறிய பிறகும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது திறக்காமல் சிக்கியிருக்கலாம். கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கு. பெரும்பாலும் 82 டிகிரி என்று அதிலேயே பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். கொதி வந்தும் மூடியே இருந்தால் புதிது வாங்கு.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அதில் 0.9 என்று இருப்பது அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்துவிட்டால் நூறிலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். விலையும் குறைவு, சந்தேகம் வந்தால் மாற்றிவிடு. எஞ்சின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தாலும் மூடியின் வால்வைத்தான் பார்க்க வேண்டும்.

பெல்ட்டையும் பார்த்துக்கொள். இந்த வண்டியில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே அதுதான். கட்டைவிரலால் அழுத்தி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் தளர்வு. பம்ப்புக்கு அடியில் சின்னத் துளையிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது.

ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்தான் நான் பயப்படுவது. காலையில் ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய். ஆரம்பத்தில் வரும் ஓரிரு குமிழி உள்ளே மாட்டியிருந்த காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீரில் கலக்கிறது. ஆயில் குச்சி பால் காபி நிறத்தில் இருக்கிறதா, எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைகிறதா, மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்றும் பார். அப்படியானால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வெறும் கேஸ்கெட் மாற்றி மூட விடாதே. நேர்கோலும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளக்கச் சொல், வளைந்திருந்தால் முகம் தேய்த்துத்தான் பூட்ட வேண்டும்.

கூலண்ட் மாற்றினால் வடித்ததை ஒரு வாளியில் பிடித்து அள. மூன்று லிட்டர் வடிந்து இரண்டுதான் உள்ளே போயிற்று என்றால் மீதி இடத்தில் காற்று. மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைத் திருப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு நிரப்ப வேண்டும்.

வழியில் ஏறினால் ஏசியை அணை, ஹீட்டரை முழுசாகத் திருப்பு, வியர்த்தாலும் பரவாயில்லை. ஓரம் கட்டு. ஆவி வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதே, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றவும் விடாதே, ஹெட் விரிசல் விடும். ஏறியிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடைந்துவிடாதே. தண்ணீர் முழுக்கப் போய் சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போதும் முள் இறங்கும்.

இந்த வாரம் ஃபேன், மூடி, பெல்ட், காலைக் குமிழி நான்கையும் பார்த்து போனில் சொல். அதுவரை ரேடியேட்டருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா