பழைய வீட்டுச் சுவர் உரியத்தான் செய்யும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரங்கம்பாடியில் போய்த் தங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அரைப் பக்கக் குறிப்பைப் படித்தேன். கடல் நன்றாக இருக்கிறது, கோட்டை நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய பங்களா அறைகளில் சுவர் பெயின்ட் உரிகிறது, பராமரிப்பு போதாது, கொடுக்கிற வாடகைக்கு இது நியாயமா என்று எழுதியிருந்தார் உங்கள் செய்தியாளர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் சுவர் ஏன் உரிகிறது என்று ஒரு வரி கேட்டு எழுதியிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். போன தையில் அதே மாதிரி ஒரு வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டும் வந்தேன். அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருக்கடையூரில் எனக்கு எழுபதாம் கல்யாணம். அது முடிந்ததும், வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், அம்மாவும் நீங்களும் இரண்டு நாள் கடலோரம் இருந்துவிட்டு வாருங்கள் என்று மகன் தரங்கம்பாடியில் அறை போட்டுவிட்டான். கோவிலில் இருந்து பத்துக் கிலோமீட்டர்கூடக் கிடையாது. இந்த ஊர் எனக்குப் புதிதில்லை. மாயவரத்தில் இருந்து இங்கே மீட்டர் கேஜ் ரயில் ஓடிய காலத்தில் வந்து போனவன்தான், 1986இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அப்போதெல்லாம் கடலைப் பார்த்துவிட்டு, கோட்டை வாசலில் சுண்டல் தின்றுவிட்டு, சாயங்கால வண்டிக்கு ஓடிவிடுவோம். ராஜ வீதியில் இருக்கும் வீட்டுக்குள் போய்ப் படுத்துத் தூங்குவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை. அப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, மீதியில் கூரை இறங்கிக் கிடந்தது.

நாங்கள் தங்கிய வீட்டின் பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன் அல்லவா. முன்னால் தூண் வைத்த தாழ்வாரம், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் மரத்தின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் அடுக்கிப் போட்ட மட்ராஸ் டெரஸ் தளம், கையால் இழைத்த தேக்கு உத்திரங்கள், இரண்டே கால் அடிக்குக் குறையாத செங்கல் சுவர். ஜன்னலைத் திறந்தால் மஞ்சள் நிறத்தில் டென்மார்க்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை, அதற்கு அந்தப் பக்கம் கடல். மனைவி உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்து பார்த்தாள், ஜில்லென்று இருக்கிறது என்றாள். எனக்குக் கண் போனது சுவருக்கு. பழக்கதோஷம்.

தரையில் இருந்து மூன்றடி உயரம் வரைக்கும் வழவழப்பான க்ரீம் நிற எமல்ஷன் பெயின்ட், பொரித்த அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. ஒன்றை நகத்தால் அழுத்தினேன். பொக்கென்று உடைந்து உள்ளே இருந்து வெள்ளையாகப் பஞ்சு போன்ற தூள் கொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள், கல்யாணம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் சுவரை நக்கியாகிவிட்டது என்று. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பார்த்தால், ஏசி சத்தத்துக்கு நடுவே சொட்டுச் சொட்டாகப் பெயின்ட் செதில் தரையில் விழுகிற சத்தம். ஒரு மாதிரி ஈர வாடை வேறு.

காலையில் காபி கொண்டுவந்த பையனிடம் கேட்டேன், தம்பி, இந்தச் சுவரை எப்போது பூசினார்கள் என்று. "போன வருஷம்தான் சார். முன்னாடி சுண்ணாம்புச் சுவரா இருந்துச்சு. தங்க வர்றவங்க சுவர்ல மாவு மாதிரி ஒட்டுது, புடவையெல்லாம் வெள்ளையாகுதுன்னு போட்டோ எடுத்துப் போட்டுடுறாங்க. ஓனர் எல்லாத்தையும் கொத்திப்புட்டு நல்லா சிமென்ட் வச்சுப் பூசி பெயின்ட் அடிச்சுட்டாரு. ஆறு மாசத்துல மறுபடி இப்படி ஆயிடுச்சு" என்றான். அவன் சொன்னதிலேயே நோயும் இருக்கிறது, நோய்க்குக் காரணமும் இருக்கிறது.

பழைய சுவர் நம் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. அதற்கு அடியில் ஈரம் தடுக்கும் பட்டை எதுவும் கிடையாது. கடலோரத் தரையில் இருக்கிற உப்புத் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி செங்கல் வழியாக மெதுவாக மேலே ஏறும். ஏறினால் ஏறட்டும் என்றுதான் அந்தக் காலத்துக் கொத்தனார் மேலே சுண்ணாம்பு பூசினார். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, தண்ணீர் அது வழியாகக் காற்றோடு போய்விடும். உப்பு மட்டும் மேல்பரப்பில் நிற்கும், பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், சில வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ள வேண்டியதுதான். உதிர்வதற்கென்றே வைத்த பூச்சு அது. அது தேய்ந்தால்தான் உள்ளே இருக்கும் செங்கல் தேயாமல் இருக்கும்.

அதன் மேல் சிமென்ட் பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் வாயை அடைத்த கதைதான். தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் இன்னும் உயரமாக ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக உறைந்து தள்ளும். கடைசியில் பூச்சு விழும்போது சும்மா விழாது, சிமென்ட் பிடித்துக்கொண்டிருக்கும் செங்கல் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். இருநூறு வருஷம் நின்ற செங்கல், பத்து வருஷத்தில் மாவாகிவிடும். ஜன்னலைச் சாத்தி ஏசியையும் போட்டுவிட்டால் காற்றோட்டம் என்று மிச்சமிருந்ததும் போச்சு.

இதை நான் யோக்கியன் மாதிரி எழுதவில்லை. வேலையில் இருந்தபோது ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்துக்கு நானே எஸ்டிமேட் போட்டேன், பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் கலந்த கலவை பூசு என்று. சுண்ணாம்பிலேயே பூசலாம் சார் என்று வயதான கொத்தனார் ஒருவர் சொல்லிப் பார்த்தார். அதற்கு ரேட் எங்கே இருக்கிறது, யார் பில் பாஸ் பண்ணுவார்கள் என்று சிரித்துவிட்டேன். மூன்றாவது மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளி நின்றது. காண்டிராக்டர் மணலைக் கூடுதலாகக் கலந்து ஏமாற்றிவிட்டார் என்று அவருடைய டெபாசிட்டைப் பிடித்து வைத்தோம். பாவம், அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு படித்துத்தான் எனக்கே இது புரிந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி கடல் பக்க அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், மகன் போட்ட புக்கிங்கில் ஏதோ குளறுபடி. பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது, ஏசி கிடையாது, வாடகை பாதிதான், பரவாயில்லையா என்று சங்கடத்தோடு கேட்டார்கள். சரி, பார்க்கலாம் என்று போனோம். காசு போதாமல் அந்த அறையை மட்டும் ஓனர் தொடாமல் விட்டிருக்கிறார். அங்கே பழைய சுண்ணாம்புச் சுவர் அப்படியே இருந்தது. கை வைத்தால் லேசாக வெள்ளை ஒட்டும், அவ்வளவுதான். ஈரமில்லை, வாடையில்லை. இரண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேனை ஒன்றில் வைத்துப் படுத்தோம், விடியற்காலையில் மனைவி போர்வை தேடினாள். ஒரே வீடு, ஒரே கடல், இரண்டு அறைக்கும் முப்பது அடி தூரம்கூட இல்லை.

மறுநாள் ஊரைச் சுற்றினோம். தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்ட ஆரம்பித்தது 1620இல். டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதத்தை அங்கே இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புது எருசலேம் தேவாலயம் 1718ஆம் வருஷத்தது, இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிறது. அவர் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோவில், குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் கட்டியது, முன்பக்கம் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று எதிர்ப்பட்டவர் எல்லாம் சொன்னார்கள். ஓசோன் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல்தான், கடல் வாடை என்று நாம் சொல்வது பாசியும் நுண்ணுயிரும் விடுகிற கந்தக வாயு. போகட்டும், காற்று நன்றாகத்தான் இருந்தது, பெயர் என்னவாக இருந்தால் என்ன.

இந்த வீடுகள் எப்படிப் பிழைத்தன என்பது பலருக்குத் தெரியாது. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வியாபாரமும் அதன் பின்னாலேயே போனது. ஊர் நொடித்தது. இடித்துக் கட்டக் கையில் காசு இருந்தவன் யாரும் இல்லாததால்தான் வீடுகள் நின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு வெளியில் இருந்து பணம் வந்தது, டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு கவர்னர் பங்களாவைச் சரிசெய்தார்கள், பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் இன்டாக் அமைப்பு கோல்ட்ஸ்மித் தெருவில் திண்ணை வைத்த நம் ஊர் வீடுகளையே எடுத்துச் சுண்ணாம்பு வேலை செய்து மீட்டுக் கொடுத்தது. அந்தத் தெருவில் நின்று பாருங்கள், சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். இல்லாமையில் தப்பிய ஊர், இப்போது தங்க வருகிறவர்கள் காசு கொடுக்க ஆரம்பித்ததும் சிமென்ட் மூட்டையிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் குற்றவாளி நாம்தான், வாடகை கொடுத்துத் தங்குகிற ஆட்கள். நானூறு வருஷத்து ஊரில் தங்க வேண்டும், ஆனால் சுவர் மட்டும் நேற்றுக் கட்டிய ஹோட்டல் மாதிரி கண்ணாடியாக மின்ன வேண்டும். பல்லி இருக்கக் கூடாது, கதவு கிரீச்சிடக் கூடாது. ஒரு செதில் விழுந்தால் போனை எடுத்து ஒரு நட்சத்திரம் போட்டுவிடுகிறோம். ஓனர் என்ன செய்வார், பெயின்ட் கடைக்குத்தான் ஓடுவார். அவருக்குத் தெரிந்த கொத்தனாருக்கும் சிமென்ட் தவிர வேறு தெரியாது. சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்கிற வேலை தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். சென்னைச் சேப்பாக்கத்தில் பாழாகிக் கிடந்த ஹுமாயூன் மகாலை இதே சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் வைத்துத்தான் அரசாங்கம் மீட்டிருக்கிறது. அங்கே முடிந்தது கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்ன வீட்டுக்கு முடியாதா? மயிலாடுதுறை பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்து வேலை படிக்கிற பையன்களுக்கு ஒரு பருவம் சுண்ணாம்பு வேலை சொல்லிக்கொடுத்தால் போதும், தரங்கம்பாடி மட்டுமில்லை, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று கடலோரம் முழுக்க அவர்களுக்கு வேலை கிடக்கிறது.

உங்கள் செய்தியாளருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த மாதிரி வீட்டுக்குப் போனால் ஏசி ஓடுகிறதா, வைஃபை வருகிறதா என்பதோடு, சுவர் சுண்ணாம்பா சிமென்டா என்றும் கேட்டு எழுதட்டும். விரலால் தட்டினாலே தெரிந்துவிடும், நக்கிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

கிளம்பும்போது ஓனரைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "செய்யலாம் சார், ஆனா மறுபடி மாவு ஒட்டுதுன்னு போட்டோ போடுவாங்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மார்கழியில் நான்கு நாள் வருகிறோம், கடல் பக்க அறை வேண்டாம், அந்தப் பின்கட்டு அறையைக் கொடுங்கள், அதுவரை அதில் கை வைக்காதீர்கள் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
கும்பகோணம்.