இயற்கை ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பள்ளிக்கரணையில் பறவை பார்த்தோம். பெசன்ட் நகரில் இரவில் கடலாமை பார்க்க நடை போனோம். குடியரசு தினத்தன்று இனிப்பு வழங்கினோம்.

அப்புறம், "இது எதற்கு?" என்று செயற்குழுவில் கேட்கப்பட்ட அந்தக் கண்காட்சி: மான்கொம்புப் பவளமும் பிரியாணிக் கல்பாசியும். பவளம் ஒரு விலங்கு. கல்பாசி என்பது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன். ஆனால் இரண்டுமே பாசியைக் குடிவைத்து, அது வெயிலில் தயாரிக்கும் உணவில் பங்கு வாங்குபவை. பவளம் அதைத் தன் செல்லுக்குள்ளேயே வைத்திருக்கும். கல்பாசியில் பூஞ்சை இழைகள் அதைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். பவளத்துக்கு இரை பிடிக்கவும் தெரியும். பூஞ்சைக்கு அந்த வழி கிடையாது.

கடல் வழக்கமான கோடை வெப்பத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் பாசியை இழந்து வெளுத்துவிடும். 2016இல் மன்னார் வளைகுடாவில் அதுதான் நடந்தது. கல்பாசி மரத்திலேயே சருகாகக் காய்ந்தாலும் மழை பட்டதும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று, மான்கொம்பின் குஞ்சுகள் பெரும்பாலும் பாசி இல்லாமலே பிறந்து, கடலில் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. கல்பாசியோ ஓரத்தில் உதிர்க்கும் மாவிலேயே பூஞ்சை, பாசி இருவரையும் சேர்த்து அனுப்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த இந்த இடத்தை விளக்கும்போது அரங்கில் பாதி நாற்காலி காலி. வாட்ஸ்அப்பில் "கட்டாயம் வருகிறேன்" என்றவர்கள் யாரென்று குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் படம்தான் வைத்தோம். கல்பாசியை மளிகைக் கடையில் வாங்கினோம். அதற்கு ரசீது எங்கே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மிச்சம் ஆண்டுவிழா பிரியாணிக்குப் போனது. அவரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையிருப்பு சுமார்தான். தலைவர் கேட்டுக்கொண்டதால், சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரை இங்கே வாசிக்கவில்லை.

அரங்கம் தந்தவர்களுக்கும் ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ராமேசுவரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊருக்குப் போய்ப் பவளப்பாறையை நேரில் பார்க்க ஆசை. சந்தா வந்தால் வேன், வராவிட்டால் அதே படம். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே கொடுத்துவிடுவேன். சந்தாப் பணத்தைப் பொருளாளரிடமே தரலாம். என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்