கொடிக்கு, உப்புத்தண்ணீர்த் தொட்டி விஷயமாக

கடலூர் முதுநகர்
ஏப்ரல் 12

அன்புள்ள கொடி,

கடல் மீன் தொட்டிக்கு என்னென்ன வேண்டும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்து, நீ அனுப்பிய சீட்டின் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் கண் வலிதான் மிச்சம். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ பாதி கேட்பதற்குள் குக்கர் விசில் அடிக்கிறது என்று ஓடிவிடுவாய், மீதியை உன் பேரன் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வான். அதனால் எழுதுகிறேன், பத்திரமாக வை.

முதலில் வீட்டுச் செய்தி. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவளுக்கு நெய்வேலிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, இனி வாரா வாரம் வருவாள். பண்ருட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் முழுப் பலாப்பழம் ஒன்று அனுப்பிவிட்டார்கள். கூடமெல்லாம் மணக்கிறது, அறுக்கத்தான் ஆள் இல்லை.

சரி, தொட்டிக்கு வருவோம். இரண்டடித் தொட்டி, ஹீட்டர், உள்ளே ஒட்டும் சின்ன ஃபில்டர், நீலக் கூழாங்கல், ரிமோட்டில் கலர் மாறும் லைட். இவ்வளவும் எழுதியவர் உப்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை பார். கடல் மீன் என்று நீ சொன்னது அவர் காதில் விழவே இல்லை போலிருக்கிறது.

சீட்டில் ஹீட்டரை முதலில் அடித்துவிடு. புதுச்சேரியில் மே மாசம் தண்ணீரைச் சுட வைக்க யாராவது காசு கொடுப்பார்களா? நமக்கு வேண்டியது நேர் எதிர். இந்த மீன்களுக்கு 25, 26 டிகிரி சுகம், 28 வரை தாங்கும். என் கூடத்தில் போன மே மாசம் மதியம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் 32 காட்டியது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், உப்புத் தண்ணீரில் அது முதலிலேயே குறைவு. மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்கலாம், ஆனால் அதன் விலை தொட்டி விலையைத் தாண்டும், உறிஞ்சிய சூட்டை அறைக்குள்ளேயே கக்கவும் செய்யும். நான் தண்ணீர்மட்டத்தின் மேல் காற்று படுகிற மாதிரி இரண்டு சின்ன ஃபேன்களை விளிம்பில் மாட்டினேன். இரண்டு, மூன்று டிகிரி இறங்கியது. புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கூடத்துக்கு ஏ.சி. போடுவதைத் தவிர வழியில்லை.

ஃபேன் போட்டால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகிப் போகும். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். மரக்காணம் உப்பளத்தில் என்ன நடக்கிறது? தண்ணீர் போகிறது, உப்பு தங்குகிறது. அதே வேலை என் கூடத்தில் பத்து நாள் நடந்தது. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவள் நான், வெளியே சொல்லாதே. ஆவியானதற்கு வெறும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு மிதவையும் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் வைத்துத் தானாக நிரம்புகிற மாதிரி செய்துவிட்டால் நீ ஊருக்குப் போனாலும் கவலையில்லை.

அடுத்தது, உன் பேரன் கேட்ட கேள்வி. "கடல் பத்து நிமிஷ நடைதானே பாட்டி, நாலு கேனில் பிடித்து வந்தால் என்ன?" நல்ல கேள்விதான், அதே கேள்விக்கு நான் நாலு மீனைப் பலி கொடுத்தேன். முதல் தொட்டி வைத்தது ஒரு கார்த்திகை மாசம். கெடிலம் இரண்டு கரையும் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. என் கொழுந்தனார் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கேன் கேனாகப் பிடித்து வந்தார். உப்பை அளக்கும் கருவி அப்போது என்னிடம் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. அடுத்த மாசம் கருவி வாங்கி, மிச்சமிருந்த ஒரு கேனை அளந்தேன். லிட்டருக்கு 35 கிராம் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 20-தான். மழைக்காலத்தில் பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டுகிற வெள்ளம் கரையோரத்தில்தான் கலக்கிறது. கூடவே சாக்கடை, படகு டீசல் எல்லாம். உன் பக்கம் மட்டும் வேறு கடலா என்ன?

ஆகவே சீட்டில் இல்லாத ஒன்றை முதலில் எழுதிக்கொள்: உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சாண் நீளக் குழாய்தான். கண்ணாடி மேல் ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு 35-இல் நிற்க வேண்டும். அடர்த்திக் கணக்கில் 1.025 பக்கம். அதைச் சரிபார்க்க 35 என்று அளந்தே விற்கிற கரைசல் உண்டு, அதையும் கேட்டு வாங்கு. பிளாஸ்டிக் முள் வைத்த மலிவு ஹைட்ரோமீட்டரை நம்பாதே. முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், கணக்கு மாறிவிடும்.

உப்பு, கடல் தொட்டிக்கென்றே வருகிற உப்புத்தூள். கடைத்தெருக் கல்லுப்பு போதாதா என்று உன் வீட்டுக்காரர் கேட்பார், தெரியும். உப்பளத்தில் சுண்ணாம்புச் சத்து முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும், மெக்னீசியம் கசப்பு நீரோடு கடைசியில் வெளியே போய்விடும். நடுவில் அள்ளுவது சோடியம் குளோரைடு. குழம்புக்கு அதுதான் வேண்டும், மீனுக்கு அது மட்டும் போதாது. கரைக்கிற தண்ணீர், அதில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வில் ருசிக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைத்திருப்பார்கள், அதற்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று மாட்டச் சொல். ஒரு நாள் முழுக்கப் பம்ப் ஓட்டிக் கலக்கிய பிறகுதான் அள.

தொட்டி மூன்றடி வாங்கு. சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் மத்தியானத்துக்குள் மாறிவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் என்றால் ஏறக்குறைய 190 லிட்டர். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் கால் டன்னைத் தாண்டும், அதனால் உன் பழைய வீட்டு மாடி வேண்டாம். மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் எத்தனை வருஷமாக மழை குடித்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கீழே, சுவரோரம் வை. இரும்பு ஸ்டாண்டு வேண்டாம், நம் ஊர் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே காரணம் புரியும்.

அடுத்து ஸ்கிம்மர். சீட்டில் இருக்கும் உள் ஃபில்டருக்குப் பதில் இது. பருப்பு கொதிக்கும்போது மேலே வருகிற நுரையைக் கரண்டியால் எடுத்துக் கொட்டுவோமே, அதேதான். பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகளை விட்டால் மீன் கழிவிலுள்ள புரதம் குமிழியில் ஒட்டி மேலே ஏறி ஒரு கப்பில் வழியும். நன்னீரில் குமிழி பெரிதாகிவிடும், ஒட்டாது. உப்புத் தண்ணீரில்தான் இந்த வித்தை நடக்கும். முதல் வாரம் ஒன்றும் வராது, பழுது என்று நினைத்துவிடாதே. அப்புறம் ஒரு நாள் கப்பில் டிக்காஷன் நிறத்தில் ஒன்று நிற்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டு. அந்த நாற்றம் முழுக்கத் தொட்டியிலேயே இருந்திருக்க வேண்டியது. ஸ்கிம்மர் வருகிற பெட்டியில் 200 லிட்டர் தொட்டிக்கு என்று போட்டிருந்தால் 120 என்று எடுத்துக்கொள், ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

தண்ணீரைச் சுழற்ற பவர் ஹெட், பெரிதாக ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். லைட் எதுவானாலும் சரி, மீன் மட்டும்தானே வளர்க்கப் போகிறாய். 'ஒரிஜினல் பவளப் பாறை' என்று யாராவது நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வா. 2001-லிருந்து பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன, கடல் குதிரையும் அப்படியே. சுட்ட மண்ணில் துளைத்துளையாகச் செய்த கல் கிடைக்கும், கழிவை மாற்றும் பாக்டீரியா குடியிருக்க அது போதும்.

கரண்டை மறந்துவிடாதே. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறிய பிறகு எத்தனை ராத்திரி மெழுகுவத்தியில் உட்கார்ந்திருந்தோம்! 2024-இல் ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊரிலேயே வந்து நின்றது. தண்ணீர் சுழலாவிட்டால் சில மணி நேரத்தில் மீன் திணற ஆரம்பிக்கும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று எப்போதும் இருக்கட்டும், ஒரு பவர் ஹெட்டை இன்வர்ட்டர் லைனில் போடு. அடியில் சம்ப், அதாவது பம்ப் வைக்கிற இன்னொரு தொட்டி, வைத்தால், பம்ப் நின்றதும் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று நீயே சுவிட்சை அணைத்துப் பார், அந்த அளவு இடத்தைச் சம்பில் காலியாக விடு. நான் பார்க்காமல் விட்டு ராத்திரி இரண்டு மணிக்குப் பழைய புடவையால் கூடம் துடைத்தேன்.

எல்லாம் மாட்டிய பிறகும் மீன் வாங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக, அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா பெருக வேண்டும். டெஸ்ட் கிட்டில் முதல் இரண்டும் பூஜ்யம் காட்டும் வரை பேரனை எப்படியாவது சமாளி. பிறகு ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு, தொட்டியில் பிறந்ததாகக் கேள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையத்திலேயே அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக எடு. எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், இருப்பதில் பெரியது பெண்ணாக மாறும். பிறகு வீடு அவள் சொல்படிதான் நடக்கும், உன் வீட்டைப் போல.

அடுத்த ஞாயிறு புதுச்சேரிக்கு வருகிறேன், சண்டே மார்க்கெட்டில் சின்னவளுக்குக் கொஞ்சம் சாமான் வாங்க வேண்டும். என் ரிஃப்ராக்டோமீட்டரைக் கொண்டுவந்து பேரனுக்குக் காட்டுகிறேன், பலாச்சுளையும் வரும். அதுவரை ஒரு காசும் கொடுக்காதே. தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, தினமும் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி என்று அவனையே எழுதி வைக்கச் சொல். சில்லரா ஃபேனா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
செல்வி